இன்ஹேலர் இழுத்தால் சிகரெட் தந்த வீக்கம் ஆறிவிடுமா?

டெல்லி மயூர் விஹாரில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 66 வயது. இளம் வயதில் பீடி, அப்புறம் சிகரெட். இரண்டு மாடி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்குகிறார். டாக்டர் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி, நுரையீரல் மெல்ல மெல்லக் கெடும் நாள்பட்ட நோய்) என்று சொல்லி, தினம் ஒரு டையோட்ரோபியம் கேப்சூல் போட்டு இழுக்கிற இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். "புகையால் வந்த வீக்கத்தை மருந்து பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, இன்னும் நாலைந்து சிகரெட் பிடிக்கிறார். அது உண்மையா டாக்டர்?" இதுதான் கேள்வி.

உண்மை இல்லை, அம்மா. மருந்து நல்ல மருந்து, அதை விடவே கூடாது. ஆனால் அது செய்யும் வேலை வேறு.

மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. வேகஸ் என்ற நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்தால் அந்தத் தசை இறுகும், சளிச் சுரப்பிகளும் வேலை செய்ய ஆரம்பிக்கும். புகை பட்டுப் பட்டு எரிச்சல் கண்ட குழாயில் இது அளவுக்கு மீறி நடக்கிறது. டையோட்ரோபியம், அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. தசை தளர்கிறது, குழாய் திறக்கிறது. பிடித்த இடத்தை அது சீக்கிரம் விடாது, அதனால் ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். இதே வகையைச் சேர்ந்த பழைய மருந்தான இப்ராட்ரோபியத்தை மூன்று நான்கு முறை இழுக்க வேண்டியிருந்தது.

இந்த மருந்துக் குடும்பத்துக்கு மூத்தது நம் ஊர் வேலியோர ஊமத்தைதான். அதில் இருக்கும் அட்ரோபின் இதே வேலையைச் செய்யும். ஊமத்தையைப் புகைத்து இளைப்புக்கு வைத்தியம் பார்க்கும் முறை 1802-ல் சென்னையில் இருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஊமத்தை விஷம், புத்தி பேதலிக்கும், உயிருக்கே ஆபத்து. இன்றைய மருந்துகள் ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி, மூளைக்குள் போகாதபடி செய்யப்பட்டவை.

சரி, வீக்கத்துக்கு வருவோம். சிகரெட் புகை பட்ட இடத்துக்கு நியூட்ரோஃபில் போன்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. அவை விடும் நொதிகள் நுரையீரலின் மெல்லிய சுவர்களையே அரிக்கின்றன. புகை காட்டிய எலிகளுக்கு டையோட்ரோபியம் கொடுத்தபோது இந்த அணுக்கள் குறைந்தன. மருந்து வீக்கத்தையும் ஆற்றும் என்ற பேச்சு இப்படித்தான் பரவியது. ஆனால் நோயாளிகளுக்கு ஒரு வருடம் கொடுத்து, அவர்கள் சளியைப் பரிசோதித்தபோது வீக்கத்தின் அடையாளங்கள் குறையவில்லை. திடீரென்று நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது மட்டும் குறைந்தது. அதுவே பெரிய லாபம் என்று நான் நினைக்கிறேன். 2008-ல் வெளிவந்த, ஏறக்குறைய 6,000 பேரை நான்கு வருடம் கவனித்த ஆய்விலும் இதே கதைதான். மூச்சு லேசானது, நோய் முற்றுவது குறைந்தது, ஆனால் நுரையீரலின் திறன் வருடா வருடம் குறையும் வேகம் மொத்தத்தில் மாறவில்லை.

அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டிய ஆய்வு அதற்கும் முந்தையது, 1994. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைபிடிப்பவர்களை ஐந்து வருடம் தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குப் புகையை விடுவதற்கான உதவியோடு இப்ராட்ரோபியமும் கொடுத்தார்கள். இழுத்த வரைக்கும் கொஞ்சம் மூச்சு கூடியது, நிறுத்தியதும் அது போய்விட்டது. புகையை விட்டவர்களுக்குத்தான் நுரையீரல் சரிவது மெதுவானது. நாலைந்துதானே என்று அப்பா நினைக்கலாம். அந்த நாலைந்தும் அதே குழாய்க்குள்தான் போகிறது. அதற்கு மேல் டெல்லியின் நவம்பர், டிசம்பர் காற்று வேறு.

இன்னொன்று, அவர் எப்படி இழுக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். பெரும்பாலும் பிரச்சினை இங்கேதான். கேப்சூலை முன்கூட்டியே அட்டையில் இருந்து பிரித்து வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். வாயில் போட்டு விழுங்கவும் கூடாது. அப்படி விழுங்குபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மூச்சை முதலில் வெளியே விட வேண்டும், கருவிக்குள் ஊதக் கூடாது. பிறகு உதடுகளை இறுக்கி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே கேப்சூல் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் இழுப்பு போதவில்லை என்று அர்த்தம். பத்து விநாடி மூச்சை அடக்கி, கருவியைத் திறந்து பாருங்கள். கேப்சூலில் பொடி மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் வாய் கொப்பளித்து, கையைக் கழுவ வேண்டும். பொடி ஒட்டிய விரலால் கண்ணைக் கசக்கினால் கண்ணில் அழுத்தம் கூடலாம்.

வாய் உலர்வது சாதாரணம், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த வயதில் புராஸ்டேட் வீக்கம் இருக்கலாம். சிறுநீர் முக்கி முக்கிப் போகிறது, அடைக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். க்ளௌகோமா என்ற கண் அழுத்த நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று மூச்சு முட்டினால் இந்தக் கேப்சூல் உதவாது, அதற்கு உடனே வேலை செய்யும் சால்பூட்டமால் இன்ஹேலர் தனியாகக் கைவசம் இருக்க வேண்டும்.

புகையை விடுவதற்கு உதவி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் இருந்து 2016 முதல் இலவச உதவி எண் நடக்கிறது, 1800-11-2356. அப்பாவின் சிகரெட் பெட்டி மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஹிந்தி சரளமாக வராது என்று தயங்கினால், அடுத்த முறை ஓ.பி.டி. போகும்போது நீங்கள் கூடப் போங்கள், இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு போங்கள். நிக்கோட்டின் கம் வேண்டுமா, மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள்.