கூடாரத்துக்கு அடியில் குழாய் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

தீவுக்கு விடுமுறை போகலாம் என்று கணவனும் மனைவியும் பேச ஆரம்பித்தால், கடல் தெரியும் ஜன்னல், குளிரூட்டிய அறை என்று பேச்சு நீளும். நடுவில் ஒருவர் கூடாரம் என்று சொல்லிவிட்டால் மற்றவர் முகம் மாறிவிடும். முகாம் என்றாலே நம்மில் பலருக்கு என்.எஸ்.எஸ். முகாமும், வாளியோடு வரிசையில் நின்றதும்தானே நினைவுக்கு வருகின்றன? இன்று நான் பேசப்போகும் மஹோ முகாமிலும் பொதுக் குளியலறைதான். அதிலும் பச்சைத் தண்ணீர்தான். ஆனாலும் அது 1976 முதல் 2013 வரை நடந்தது.

கரீபியன் கடலில், அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்று செயின்ட் ஜான். அங்கே விமான நிலையம் கிடையாது. பக்கத்திலுள்ள செயின்ட் தாமஸ் தீவில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். அமெரிக்கச் செல்வந்தர் லாரன்ஸ் ராக்ஃபெல்லர் வழங்கிய நிலத்தைக் கொண்டு 1956இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. தீவின் பாதிக்கு மேல் இன்று பூங்காதான். அதன் வடகரையில் மஹோ விரிகுடாவை ஒட்டிய மலைச்சரிவைக் குத்தகைக்கு எடுத்தார், நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டான்லி செலன்கட். படிப்பால் கட்டுமானப் பொறியாளர். 18 கூடாரக் குடில்களோடு தொடங்கிய இடம், பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட குடில்களாக வளர்ந்தது.

அவர் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது, மண்ணைத் தொடாமல் கட்டியதுதான். சரிவில் சாலை வெட்டவில்லை. தூண்கள் மேல் மரப்பாலம் போன்ற நடைபாதைகளை அமைத்தார். மரங்களுக்கு நடுவே கால் ஊன்றிய பலகைத் தளம், அதன் மேல் துணிச் சுவரும் கொசுவலையும்: இதுதான் குடில். தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் புதைக்கப் பள்ளம் தோண்டாமல், நடைபாதையின் அடியிலேயே கொண்டுபோனார்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? செங்குத்தான தீவில் ஒரு பள்ளம் வெட்டினால், அடுத்த மழையில் அந்த மண் நேராகக் கடலுக்குப் போய்ப் பவளப் பாறைகள் மேல் படியும். அந்தப் பாறையைக் கட்டும் சிறு உயிரான பவளப் பூச்சியின் உடலுக்குள் நுண்பாசி வாழ்கிறது; வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கு ஊட்டுவது அதுதான். கலங்கிய நீரில் வெயில் இறங்காது. மேலே படிந்த வண்டலைத் தள்ளுவதற்கே பவளம் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கும். பவளத்தைப் பார்க்க வந்தவர்களுக்காக அறை கட்டி, அந்தப் பவளத்தையே மூடிவிடுவது என்ன கணக்கு?

சரி, தம்பதிக்கு அங்கே என்ன இருந்தது? இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, எரிவாயு அடுப்பு, ஐஸ் பெட்டி. சமையல் உங்கள் பாடு. ஷவரில் சங்கிலியை இழுத்துப் பிடித்தால்தான் தண்ணீர் வரும்; ஆறில்லாத தீவில் தண்ணீரின் அருமை கைக்கே தெரிந்துவிடும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் மீந்துபோன அரிசியையும் எண்ணெயையும் பொது அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். புதிதாக வந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். காலிப் பாட்டில்களை உருக்கி, ஊதிக் கண்ணாடிப் பொருள்கள் செய்தார்கள். கீழே விரிகுடாவில் பச்சைக் கடலாமைகள் கடற்புல் மேயும். ஒன்றே ஒன்று: துணிச் சுவர் என்பதால் சண்டை போடுவதானால் மெதுவாகத்தான் போட வேண்டும்.

குத்தகை முடிந்ததும் மஹோ முகாம் மூடப்பட்டது. செயின்ட் ஜானில் கூடாரம் வேண்டுமென்றால் பூங்காவுக்குள் சின்னமன் விரிகுடாவில் முகாம் உண்டு. அமெரிக்க விசா அவசியம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017இல் இர்மா, மரியா என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து இந்தத் தீவுகளைப் புரட்டிப்போட்டன. பவளத்தைக் காப்பதற்காக, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரிலின் என்ற ரசாயனங்கள் கலந்த வெயில் கிரீம்களுக்கு அங்கே 2020 முதல் தடை. வாங்கும்போதே டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வேறு தீவுக்குப் போகிறீர்களா? இணையதளத்தில் பச்சை இலைச் சின்னம் போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, கழிவுநீர் எங்கே போகிறது, குப்பை தீவை விட்டு எப்படி வெளியேறுகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், பேசாமல் சாதாரண விடுதியிலேயே அறை எடுங்கள், வெந்நீராவது கிடைக்கும்.

வணக்கம்.