லிங்க்கோடு கேளுங்கள்

(சேலத்தில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள், பேசியபடியே தருகிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து இரண்டு பேர் மலையிறங்கி வந்திருக்கிறீர்கள், திரும்பிப் போக பஸ் பிடிக்க வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணைய நூலகத்தில் புத்தகம் தேடுவது, இரவல் எடுப்பது, சிக்கல் வந்தால் உதவி கேட்பது, இதுதான் இன்றைய பேச்சு.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். "இன்டர்நெட் ஆர்க்கைவ்ல எல்லாம் இருக்குங்கறீங்க, நம்ம மலையைப் பத்தி ஒண்ணுமே இல்லீங்களே" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். சேர்வராயன் மலை என்று தமிழில் தேடியிருக்கிறார். அந்தத் தேடுபெட்டி, நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால், புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர் போன்ற குறிப்புகளில் மட்டும்தான் தேடும். ஆங்கில எழுத்தில் சேலம், கெஜட்டியர் என்று போட்டேன். 1918இல் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட கெஜட்டியர், அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல், வந்தது. அதைத் திறந்து, புத்தகத்துக்குள் தேடும் பெட்டியில் சேர்வராயனுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரான ஷெவராய் என்று ஆங்கிலத்தில் அடித்ததும் பக்கம் பக்கமாக மலை வந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்புறம் என்னோடு பேசவே இல்லை, படிக்க ஆரம்பித்துவிட்டார்.

தமிழ்ப் புத்தகம் தேடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. நிறையத் தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் பதிந்திருப்பார்கள், ஆகவே இரண்டு விதமாகவும் தேட வேண்டும். உள்ளே தேடுவதும் லேசில்லை. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததற்கு முந்தைய அச்சில் லை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு வைத்து இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அங்கே தடுமாறும். அதனால் 'மலை' என்று தேடி ஒன்றும் வரவில்லையென்றால் இல்லை என்று முடிவுகட்டாமல் 'சேர்வராயன்' என்பதை மட்டும் போட்டுப் பாருங்கள். லை இல்லாத சொல் தப்பித்து வர வாய்ப்பு அதிகம்.

சரி, அடுத்தது இரவல். இதில்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறீர்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களுக்குக் கணக்கே தேவையில்லை, திறந்து படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். உரிமை உள்ள புத்தகங்களுக்கு இலவசக் கணக்கு தொடங்கி இரவல் எடுக்க வேண்டும். பல புத்தகங்கள் ஒரு மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும், சிலவற்றை 14 நாள் வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஆனதும் புத்தகம் தானாகவே திரும்பிப் போய்விடும், நீங்கள் ஒன்றும் கெடுத்துவிடவில்லை, வேறு யாரும் எடுத்திருக்காவிட்டால் மறுபடி எடுங்கள். நேற்றுவரை இருந்த புத்தகம் இன்று இல்லையே என்றால் அதற்கும் காரணம் இருக்கலாம். பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2023இல் தீர்ப்பு ஆர்க்கைவுக்கு எதிராக வந்தது, 2024இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள், சுமார் 5 லட்சம் நூல்களை இரவல் வரிசையிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சேலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத நூல்களை நான் அங்கேதான் படித்தேன்.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒன்று: கொண்டை ஊசி வளைவு ஏறும்போது டவர் போய்விடும். அடிவாரத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கனமாக இருந்தால் வெறும் எழுத்துக் கோப்பும் அங்கேயே இருக்கும், அது மிகச் சிறியது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உதவி கேட்பது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்பது 1996இல் புரூஸ்டர் காலே சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு. நாம் எழுதும் கடிதத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். நான் முதல்முறை "புத்தகம் திறக்கவில்லை, உதவுங்கள்" என்று ஒரே வரி எழுதினேன். எந்தப் புத்தகம், லிங்க் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. கோடிக்கணக்கான பக்கங்களில் என் புத்தகத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? அடுத்த முறை புத்தகப் பக்கத்தின் முழு முகவரி, எத்தனையாவது பக்கத்தில் சிக்கல், போனா கம்ப்யூட்டரா, எந்த பிரௌசர், திரையில் வந்த வாசகம் அப்படியே, ஒரு ஸ்கிரீன்ஷாட், எல்லாம் வைத்து அனுப்பினேன், வேலை முடிந்தது. இங்கிலீஷ் சரளமாக வராதே என்று தயங்காதீர்கள், நாலு எளிய வரி போதும். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் எழுதாதீர்கள். கணக்கை உறுதிசெய்யும் மெயில் வரவில்லையென்றால் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஸ்பேமில் பாருங்கள்.

ஸ்கேன் மோசமாக இருந்தால், உதாரணமாக மடித்த வரைபடத்தைப் பிரிக்காமலே எடுத்திருந்தால், அதே நூலை வேறொரு நூலகம் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு சேலம் வரைபடம் மூன்றாவது பிரதியில்தான் முழுசாகக் கிடைத்தது.

2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் தாக்கப்பட்டு 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் வெளியே போனது. அதற்கு முன்பே கணக்கு வைத்திருந்தவர்கள் பாஸ்வேர்டை இன்னும் மாற்றவில்லையென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கே போட்டிருந்தாலும் அங்கேயும்.

தமிழுக்கென்றே 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டம் இருக்கிறது, ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது, இரண்டிலும் தன்னார்வலர்கள் உழைக்கிறார்கள். அங்கே பிழை கண்டால் திட்டாமல் பக்க எண்ணோடு எழுதிப் போடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய விழா மலர், பாட்டுப் புத்தகம் இருந்தால் நீங்களும் ஆர்க்கைவில் ஏற்றலாம். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் உரிமை உள்ளவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். பழகிப் பார்க்க சோதனைத் தொகுப்பில் ஏற்றுங்கள், 30 நாளில் அவர்களே எடுத்துவிடுவார்கள், பயமில்லை.

அந்த ஓரத்து மேசையில் என் மடிக்கணினி இருக்கிறது. எந்தப் புத்தகம் திறக்கவில்லையோ அதன் லிங்க்கோடு வாருங்கள், ஏற்காட்டுக்காரர்கள் முதலில்.