பொய்க்கணக்கு இல்லாவிட்டால் ஆய்வை நம்பலாமா?

அடுத்த கேள்வி. "மருந்து கம்பெனி பணத்தில் நடக்கும் ஆய்வில் சார்பு இருக்கிறது என்கிறார்கள். ஆய்வாளர் பொய்க்கணக்கு எழுதாத வரை அதனால் என்ன கெட்டுவிடும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பொய்க்கணக்கே எழுத வேண்டாங்க. எதை வெளியே விடுவது, எதை அமுக்குவது என்பதிலேயே காரியம் முடிந்துவிடும்.

எரிக் டர்னர் என்று ஒரு மனநல மருத்துவர். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் முன்பு வேலை பார்த்தவர். அனுமதி கேட்டு வரும் கம்பெனி, நல்லதோ கெட்டதோ, எல்லா ஆய்வையும் அங்கே கொடுத்தாக வேண்டும். மனச்சோர்வுக்கான 12 மருந்துகளின் அந்தக் கோப்புகளையும், மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளையும் அவரும் குழுவினரும் ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்டார்கள்.

மொத்தம் 74 ஆய்வுகள். மருந்து பலன் தந்ததாக எஃப்.டி.ஏ. ஒத்துக்கொண்டவை 38. அவற்றில் 37 அச்சில் வந்துவிட்டன. மீதி 36-ல் 22 வெளிவரவே இல்லை. 3 மட்டும் உள்ளது உள்ளபடி வந்தன. பாக்கி 11? தோற்றவையும் பலன் தெளிவாகத் தெரியாதவையும், ஜெயித்த வேஷத்தில் வந்தன!

அது எப்படி என்றால், எதை முக்கியமாக அளக்கப் போகிறோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிக் கொடுப்பார்கள். அதில் தேறவில்லை என்று வையுங்கள். கூடவே அளந்த வேறு ஏதோ ஒன்றில் தேறியிருக்கும். அதைத் தூக்கிக் கட்டுரையின் முகப்பில் வைத்துவிட்டால் ஆயிற்று. எண்ணெல்லாம் சரிதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இதழ்களை மட்டும் படிக்கும் டாக்டருக்கு நூற்றுக்கு 94 ஆய்வு வெற்றி என்று தோன்றும். கோப்பில் இருந்ததோ பாதிதான்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் அந்த மருந்துகள் வெற்று மாத்திரையைவிட மேலாகவே இருந்தன. இதழ்கள் காட்டிய அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சரி, நாம் என்ன பார்ப்பது? யார் பணம் என்பதைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அளப்பதாகச் சொன்னதையே கடைசியிலும் அளந்தார்களா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. நம் நாட்டில் மருந்துப் பரிசோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் பதிய வேண்டும் என்று 2009-ல் கட்டாயமாக்கினார்கள். எதை அளக்கப் போகிறார்கள் என்பதும் அந்தப் பதிவில் இருக்கும். அதன் இணையதளத்தை யாரும் பார்க்கலாம். முதல் நோயாளியைச் சேர்த்த பிறகுதான் பதிவே செய்திருக்கிறார்கள் என்றால், அந்த ஆய்விடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.