மாமா ஓட்டுனது லேலண்ட்! பேனர்ல வந்தது எந்த ஊரு லொறி?

வணக்கம் மக்களே. தலவாக்கலையில மழை விடவே இல்ல, தகரம் படபடன்னு கேக்குதா? கேக்கட்டும்.

நம்ம லொறி மாமா ஞாபகம் இருக்குல்ல? பிரேக் வீடியோல பிரேக் ஷூவக் கழட்டிப் போட்டு, "லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்குதா, அப்போ இது எரிஞ்சிருக்கு"ன்னு சொன்னாரே, அவரேதான். இந்த ஞாயித்துக்கிழம அவருக்கு வருஷ நினைவு.

அதுக்கு அடிச்ச பேனர் நேத்து வந்துச்சு. விரிச்சா, மாமா மூஞ்சிக்குப் பக்கத்துல மூக்கு நீண்ட அமெரிக்க லொறி! மேல ரெண்டு பொகக்குழாய் வேற. ஸ்டியரிங் இடது பக்கம்ங்க! மனுஷன் ஆயுசுக்கும் ஓட்டுனது மூஞ்சி தட்டையான லேலண்ட். ஆறுக்கு நாலு, 24 சதுர அடி, அடிக்கு 150 ரூவா, அப்போ 3600. ஓரத்துல கயிறு கோக்குற கண்ணுக்குத் தனியா 200. அந்தக் கண்ணு எட்டுல ரெண்டு கோணல். சரி, அதுக்கு அப்புறம் வர்றேன்.

மாமா ஏத்துனது மரக்கறி. நுவரெலியாவுல லீக்ஸ், கெரட், கோவா ஏத்தி, அட்டன், கினிகத்தேனை, கித்துள்கலை, அவிசாவளைன்னு எறங்கி, கொழும்புக்குப் பக்கத்துல பேலியகொடை மரக்கறிச் சந்தைக்கு. நுவரெலியா 1868 மீட்டர், பேலியகொடை கடல் மட்டத்துக்குக் கிட்ட. அவ்வளவு உயரத்தையும் ஒரே ராத்திரியில, லோடோட எறக்கணும். அந்தப் பாரத்த பிரேக்கே புடிச்சா அத்தனையும் சூடாத்தான் போகும். சில்லோட சுத்துற பிரேக் ட்ரம் சூடேறி விரியும், உள்ள இருந்து அத அழுத்துற ஷூ எட்டாது, மிதி கீழ போகும், வண்டி நிக்காது.

அதனால எறக்கம் தொடங்குறதுக்கு முன்னயே கியரக் கொறச்சிருவாரு. ஏறுறப்ப எந்தக் கியரோ எறங்குறப்பவும் அதே கியர். பாதியில மாத்தப் போனா லோடு தள்ளும், கியர் விழாது, வண்டி நியூட்ரல்லயே ஓடும். டீசல மிச்சம் புடிக்க நியூட்ரல்ல உருட்டுறவங்களக் கண்டா மாமாவுக்கு ஆகவே ஆகாது. எனக்கும்தான்.

ட்ரம்ல வாடை அடிச்சா ஓரமா நிறுத்தி, சில்லுக்கு மரக்கட்டை வச்சு, சும்மா ஆற விடுவாரு. தண்ணி ஊத்தவே மாட்டாரு, ட்ரம் விரிசல் விட்டுரும்.

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன். பிரேக்குக்குக் காத்து குடுக்குற டேங்க்! நுவரெலியா குளிருக்கு உள்ள ஈரம் தண்ணியாத் தேங்கும். வண்டிய எடுக்க முன்ன அடி வால்வத் திறந்து, தண்ணி முழுக்க வடிஞ்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் விடுவாரு. இல்லாட்டி அந்தத் தண்ணி வால்வுக்குள்ள போய்த் துருவாகும். பொறகு மிதிச்ச ஒடனே பிரேக் புடிக்காது.

லோட மூடுற தார்ப்பாய், அதான் படங்கு, அதக் கட்டுறதும் அப்படித்தான். ரெண்டு படங்குன்னா மொதல்ல பின்னாடி உள்ளது, அதுக்கு மேல முன்னாடி உள்ளது. மாத்திப் போட்டா காத்து உள்ள பூந்து தூக்கிரும். பின்பக்கம் கொஞ்சம் தெறந்தே வைப்பாரு, இறுக்கி மூடுனா லீக்ஸ் வேர்த்து அழுகிரும்.

வீட்டுக்காரம்மாவுக்குப் போன் கினிகத்தேனையில, எறக்கத்துக்கு முன்ன ஒன்னு. அடுத்தது அவிசாவளையில. நடுவுல யாரு எடுத்தாலும் பேச மாட்டாரு, அவங்களும் எடுக்க மாட்டாங்க. ரம்புட்டான் காலத்துல திரும்பி வர்றப்ப ட்ரைவர் சீட்டுக்குப் பின்னால ஒரு பை இருக்கும். கிளீனருக்குக் கூட அதுல பங்கு கெடையாது, லயத்துப் புள்ளைங்களுக்கு மட்டும்.

ஆங், பேனர்! திரும்ப அடிக்க முழுக் காசு கேட்டாங்க. அவரு லேலண்ட் போட்டோவ முதல்லயே அனுப்புன மெசேஜக் காட்டுனேன். பேனர் சீட்டுக் காசு மட்டும்னு 1200க்கு எறங்குனாங்க! கண்ணு எட்டும் நேரா, இலவசம்!

பழைய பேனர வீசல. நல்ல தடிச்ச சீட்டு. அந்த அமெரிக்க லொறி இப்போ எங்க வெறகுக் கட்டுக்கு மேல கவுந்து கெடக்கு, ஒரு சொட்டு எறங்கல.