கடை மூடிய மூன்றாம் நாள்

(குடியாத்தத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பீடி முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, வணக்கம்.

கொரோனா ஊரடங்குக்காக 2020 மார்ச் 24 சாயங்காலம் டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். "அப்பாடா, இனி வீடு நிம்மதி" என்று நம்மில் பலர் பெருமூச்சு விட்டோம். மூடியதை நான் குறை சொல்லவில்லை. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்புக்குச் சரக்கு ஒரே நாளில் நின்றால் என்ன ஆகும் என்பதை வீட்டுப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லவில்லையே, அதுதான் என் ஆதங்கம்.

மது மூளையை அமுக்கும். மூளை அதை மீறிக்கொண்டு ஓடப் பழகிவிடும். பிரேக்கை மிதித்தபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கின வண்டி மாதிரி. மது நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் நாளே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் டீ சட்டையில் சிந்தும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூணாம் நாள், நாலாம் நாளில் சுவரெல்லாம் பூச்சி ஊருது என்பார், லுங்கியைக் கிள்ளிக்கொண்டே இருப்பார், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார். வேப்பிலை அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள். உயிர் போகக்கூடிய நோய் அது. டயாஸெபாம் வகை மருந்தும் தயமின் ஊசியும் கொடுத்து ஆஸ்பத்திரியில் காப்பாற்றலாம். நமக்கு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பாகாயம் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது.

வைத்தியம் கிடைக்காதவன் கையில் கிடைத்ததைக் குடித்தான். பக்கத்து ஆந்திராவில், பிரகாசம் மாவட்டத்தில், அதே வருஷம் ஜூலைக் கடைசியில் சானிடைசர் குடித்துச் செத்தார்கள். இங்கே மே 7இல் கடை திறந்தது, மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 16இல் மறுபடி திறந்தது. இப்படி விட்டு விட்டுக் குடிக்கும் உடம்பில் அடுத்த நடுக்கம் இன்னும் கடுமையாக வரலாம்.

மேடையில் பேசக் கூசுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றை அறை வீடு, கூலி கிடையாது, பஸ் கிடையாது. கருத்தடை மாத்திரை தீர்ந்தது, காப்பர்-டி போடப் போக வழியில்லை. எரிச்சலில் இருக்கும் புருஷன் ராத்திரியில் கட்டாயப்படுத்தினால் "குடும்பம்னா அப்படித்தான்" என்று மாமியார் சொல்வார். 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை, பாலியல் கொடுமையும் வன்முறைதான் என்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்கள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வில் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்னாலேயே நடந்தது. கொரோனா கொண்டுவந்த பழக்கம் இல்லை இது. வெளியே ஓடிவரும் வழியைத்தான் ஊரடங்கு அடைத்தது.

நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டபோது அந்த ரத்தத்தைச் சோதித்தது நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான். ஊரடங்கில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சில மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்தார்கள். நோயாளி என்று மதித்ததால் அந்த யோசனை வந்தது. குடி நோயாளிக்கும், அவனோடு அடைபட்ட பெண்ணுக்கும் அதே மதிப்பைத்தான் கேட்கிறேன்.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, பெண்கள் உதவிக்கு 181. குழுப் புத்தகத்தின் அட்டையில் இப்போதே எழுதுங்கள். பேனா இல்லாதவர்களுக்கு முன்வரிசையில் கொடுக்கிறோம்.