கவிழ்த்துப் பாருங்கள்

அனைவருக்கும் மாலை வணக்கம். ஒரு கடைக்குள் நடக்கும் மரச்சாமான் கண்காட்சியில், விளக்குகளுக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் நடுவே நின்று பேசுவது எனக்கு இதுதான் முதல் முறை. கையை வீசிப் பேசும் பழக்கம் உண்டு, அதனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் அந்த பெஞ்சில் உட்காருங்கள். விலைச்சீட்டு தொங்குகிறதே என்று தயங்க வேண்டாம். கடைக்காரரிடம் முன்பே கேட்டுவிட்டேன்.

ஒரு வடிவமைப்பாளரின் மரச்சாமான்களைக் கடைக்குள்ளேயே கண்காட்சியாக வைப்பது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. 1933 நவம்பரில் லண்டனில் நடந்ததைச் சொல்கிறேன். இடம் பிக்காடிலியில் உள்ள ஃபோர்ட்னம் அண்ட் மேசன். தேயிலைக்கும் தின்பண்டக் கூடைகளுக்கும் பேர்போன கடை. அங்கே பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோவின் நாற்காலிகள் வந்து இறங்கின. ஏற்பாட்டில் முன்னின்றவர் பிலிப் மார்ட்டன் ஷாண்ட் என்ற கட்டடக்கலை விமர்சகர். பிரெஞ்சு ஒயின்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். இன்றைய பிரிட்டன் ராணி கமிலாவுக்குத் தாத்தா. அப்படிப்பட்ட நாக்கு ருசிக்காரர் நாற்காலியைத் தின்பண்டக் கடைக்குக் கொண்டுபோனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கண்காட்சிக்கு 'மரம் மட்டும்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். அந்தப் பெயரில் ஒரு குத்தல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நவீனம் என்றாலே வளைத்த எஃகுக் குழாய் என்றிருந்த காலம் அது. எஃகு குளிரில் சில்லென்று இருக்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும். ஆல்ட்டோ அதை விட்டு பிர்ச் மரத்துக்கு வந்தார். பைமியோ ஊரின் காசநோய் மருத்துவமனையைக் கட்டியபோது, மனைவி ஐனோவோடு சேர்ந்து உள்ளே இருக்கும் சாமான்களையும் வடிவமைத்தார். அங்கே பிறந்த சாய்விருக்கையின் முதுகுச் சாய்வு, நோயாளி எளிதாக மூச்சுவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்தது. ஒட்டுப்பலகையைச் சுருட்டினாற்போல் ஓர் இருக்கை, இரண்டு பக்கமும் வளைந்து மூடிய மரச்சட்டம், அவ்வளவுதான். கால் என்று தனியாக எதுவும் கிடையாது. நாற்காலி என்ற நம் சொல்லே அதற்கு முன்னால் திணறிப்போகும்!

ஆனால் கண்காட்சி நடந்த அதே 1933இல் ஆல்ட்டோ செய்த ஸ்டூலைப் பார்த்தால் நம் மொழி நிமிர்ந்துகொள்ளும். அது அச்சு அசலான முக்காலி. வட்டப் பலகை, மூன்று கால். தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் ஆடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் சுழன்று சுழன்று ஏறும். சூட்சுமம் காலில் இருக்கிறது. கட்டையின் ஒரு முனையில் ரேகை போகும் திசையிலேயே ரம்பத்தால் கீறி, கீறலுக்குள் மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவிச் செருகி, செங்கோணமாக வளைப்பார்கள். வளைந்த பகுதி பலகைக்கு அடியில் படிந்துவிடும், திருகாணி போட்டால் வேலை முடிந்தது. துளையும் இல்லை, அதில் செருகும் கழுந்தும் இல்லை. கவிழ்த்துப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

கடையில் நடக்கும் கண்காட்சி எனக்குப் பிடிப்பதே இதற்காகத்தான். அருங்காட்சியகத்தில் முக்காலியைக் கவிழ்த்தால் காவலாளி ஓடி வருவார். ஒருமுறை நான் போன ஒரு கடையிலும் 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். என்ன மரம் என்று கேட்டேன். "நல்ல மரம் சார்" என்றார் விற்பனையாளர். சரி என்று வந்துவிட்டேன்.

கண்காட்சி நடத்துகிறவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பார்த்தவர் 'எனக்கு ஒன்று வேண்டும்' என்றால் என்ன செய்வது? லண்டனில் ஷாண்டும் கூட்டாளிகளும் ஃபின்மார் என்றொரு நிறுவனம் தொடங்கி இறக்குமதி செய்தார்கள். பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியில் 1935இல் ஆல்ட்டோ தம்பதி, கலை ஆதரவாளர் மைரே குல்லிக்ஸன், கலை விமர்சகர் நில்ஸ் குஸ்தாவ் ஹால் நால்வரும் ஆர்ட்டெக் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். சாமான் விற்பதோடு கண்காட்சி நடத்துவதும் தங்கள் வேலை என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். வடிவமைப்புப் பொறுப்பு ஐனோவிடம், 1941 முதல் நிர்வாகமும் அவரிடமே. அல்வாரின் பெயரைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், இதோ இந்த மேசையைச் செய்தவர் கதவோரம் கூச்சப்பட்டு நிற்கிறார். பூச்சு எத்தனை கை கொடுத்தார், சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழுமா, இழுப்பறை மழைக்காலத்தில் இறுகுமா, எல்லாம் அவரிடமே கேளுங்கள். நான் முதலில் இதன் அடிப்பக்கத்தைப் பார்க்கப் போகிறேன். யாராவது மறுபுறம் ஒரு கை கொடுங்கள்.