நம் மலையில் காற்றாலை ஏன் இல்லை?

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தோல் தொழிலிலும் வேளாண்மையிலும் ஈடுபட்டுள்ள நண்பர்களே, வணக்கம்.

ஜவ்வாது மலையும் ஏலகிரியும் பக்கத்திலேயே இருக்க, ஆரல்வாய்மொழியில் நிற்பவை போன்ற காற்றாலைகளை இங்கும் நிறுவினால் என்ன என்று வேலூரில் பலர் கேட்கிறார்கள். உயரம் மட்டும் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும் தென்மேற்குப் பருவக்காற்று, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்கியடித்துப் புகுந்து வேகம் பெறுகிறது. அப்படியொரு கணவாயின் வாசல் நமக்கு வாய்க்கவில்லை. இத்தனைக்கும் நம் ராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) ஆலையில் ஒரு காலத்தில் காற்றாலை இயந்திரங்களே தயாராயின!

வேகம் சற்றுக் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று எண்ணலாகாது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு, அதாவது வேகத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கி வரும் எண்ணுக்கு, ஏற்ப மாறுவதால், நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்குதான் 4 மீட்டர் வேகத்தில் கிடைக்கும். அதிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டியுள்ளார். மிகுந்த காற்றும் உதவாது. கோபுர உச்சியிலுள்ள கூண்டின் முதுகில் காற்றுமானி சுழன்றுகொண்டே இருக்கும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டரைத் தாண்டியதும், இறக்கைகள் தம் விளிம்பைக் காற்றுக்குக் காட்டிச் சுழற்சியை நிறுத்திக்கொள்ளும்.

ஆகவே, மலையை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்ப்போம். தெற்கே நிற்கும் காற்றாலையின் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பி வழியே ஆம்பூர்த் தொழிற்சாலைக்கு வந்து சேரலாம். 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் கூட்டாக 26 விழுக்காடு உரிமைப் பங்கு வைத்துக்கொண்டு, ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டையாவது நுகர்ந்தால், அது அவர்களின் சொந்த உற்பத்தியாகவே கொள்ளப்படும். சிறு தொழில் செய்வோர் சிலர் சேர்ந்தால் கைக்கெட்டாத ஏற்பாடன்று.

இடிப்பது காலம்தான். நம் மின்விசிறிகள் ஓய்வின்றிச் சுழல்வது ஏப்ரலிலும் கத்திரி வெயிலிலும். தெற்கே காற்று முழு வேகம் எடுப்பதோ ஜூனுக்குப் பிறகு. பருவம் வந்தபின்னும் தேவைக்கு மிஞ்சிய நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னால் உற்பத்தி வீணாகிறது. இதற்கு ஓரளவு கைகொடுப்பது நீரேற்று மின்நிலையம். கோவை மாவட்டத்தில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றிவைத்து, மாலையில் விளக்கெரியும் வேளையில் அதைக் கீழே விட்டு மின்சாரமாக்குகிறது. கோடைக்கும் மழைக்கும் இடையிலுள்ள மாதக்கணக்கான இடைவெளியை அதனால் நிரப்ப இயலாது; ஒரே நாளின் ஏற்ற இறக்கத்தைத் தாங்க இயலும். கோரிக்கை மனு எழுதும் அன்பர்கள் ஜவ்வாது மலைக்குக் கோபுரம் கேட்பதை விடுத்து, இத்தகைய நீரேற்று நிலையங்களையும், தெற்கிலிருந்து வரும் மின்தடங்களை வலுப்படுத்துவதையும் கேட்க வேண்டுகிறேன்.